ஓடாமல் கிடக்கும் பழைய மரம் அறுக்கும் மெஷின்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் தரையோடு சாய்ந்தன. விழுந்த மரத்தை அறுத்து அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல், கடன் வாங்கியாவது பலர் பெட்ரோல் மெஷின் வாங்கினார்கள். வேலை முடிந்ததும் அவை மோட்டார் கொட்டகை மூலைக்குப் போயின, டேங்கில் மிச்சப் பெட்ரோலோடு. அந்த மெஷின்களைத்தான் இன்றும் உரச்சாக்கில் சுற்றி எடுத்து வந்து என் ரிப்பேர் பட்டறையில் இறக்குகிறார்கள். பாதிப் பேர் பழைய இரும்புக் கடைக்குப் போகும் வழியில் கடைசி முயற்சியாக வருகிறவர்கள். அவர்கள் கேட்பவையும் நான் சொல்பவையும் கீழே.

ஆறேழு வருஷமா தொடவே இல்லை. புதுப் பெட்ரோல் ஊற்றி இழுத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அந்த முதல் இழுப்பில் கெட்டுப்போன மெஷின்கள் நிறைய. உள்ளே துரு இருக்கலாம், ரிங் பிடித்திருக்கலாம், குளவி மண்கூடு கட்டியிருக்கலாம். நம் ஊரில் சைலன்சர் துளையைக் குளவி விட்டுவைப்பதே இல்லை. அந்த மண் சிலிண்டருக்குள் உதிர்ந்த பிறகு கயிற்றை இழுத்தால் பிஸ்டனில் கோடு விழும்.

முதலில் டேங்கில் உள்ளதைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பாருங்கள். பழுப்பாக, வார்னிஷ் வாடையோடு இருந்தால் கார்புரேட்டரின் நிலைமையும் பாதி தெரிந்துவிட்டது. பிறகு தூரிகையாலும் காற்றாலும் வெளிப்பக்கம் முழுவதையும் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டர் இறகுகளுக்கு இடையில் தூளும் எண்ணெயும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருக்கும். அதை எடுக்காமல் ப்ளக்கைக் கழற்றினால் அழுக்கு நேராக உள்ளே விழும்.

அதன் பிறகு ப்ளக்கைக் கழற்றி, டார்ச் அடித்துச் சிலிண்டருக்குள் பாருங்கள். சுத்தமாக இருந்தால் பத்துச் சொட்டு 2டி ஆயில் (பெட்ரோலில் கலக்கும் டூ-ஸ்ட்ரோக் ஆயில்) விட்டு, கால் மணி நேரம் கழித்துக் கயிற்றை மெதுவாக இழுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பிஸ்டன் ஏறி இறங்குவதைக் கை உணர வேண்டும்.

கயிறு அசையவே இல்லையே?

ஸ்டார்ட்டர் மூடியைத் தனியே கழற்றுங்கள். கழற்றிய மூடியிலும் கயிறு வரவில்லை என்றால் கோளாறு ஸ்பிரிங்கிலோ கயிற்றுச் சக்கரத்திலோதான், எஞ்சினில் இல்லை. சின்ன வேலை. ஸ்பிரிங் முகத்தில் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு கை வையுங்கள்.

கயிறு அங்கே நன்றாக வந்தால் எஞ்சின்தான் பிடித்திருக்கிறது. ப்ளக் துளை வழியாகக் கொஞ்சம் டீசலும் 2டி ஆயிலும் கலந்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள், ஸ்டார்ட்டர் மூடிக்குப் பின்னால் இருக்கும் மேக்னெட் சக்கரத்தின் நடு நட்டில் ஸ்பானர் வைத்து, நட்டு இறுகும் பக்கமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். சுத்தியல் எடுக்காதீர்கள்.

சைலன்சரை எதற்குக் கழற்றச் சொல்கிறீர்கள்? கோளாறு கார்புரேட்டரில்தானே?

இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது, இருந்தாலும் இன்னொரு முறை சொல்கிறேன். கார்புரேட்டருக்கும் காயிலுக்கும் (ப்ளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பாகம்) செலவழிக்கும் முன் பிஸ்டனைப் பாருங்கள். பெரும்பாலான மெஷின்களில் இரண்டு மூன்று ஸ்க்ரூதான். சைலன்சர் கைக்கு வந்தால் புகை போகும் வாசல் வழியாகப் பிஸ்டனின் பக்கவாட்டு நேராகத் தெரியும். கயிற்றை மெல்ல இழுத்து, பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பளபளப்பாக, மெல்லிய குறுக்குக் கோடுகளோடு இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாக விரல்நகம் சிக்கும் அளவுக்குக் கீறல் இருந்தால் அது ஆயில் இல்லாமல், அல்லது காற்று அதிகமாகப் பிடித்து, சூடேறிச் செத்த மெஷின். அதற்குப் புதுக் கார்புரேட்டர் போடுவது செத்த மாட்டுக்குப் புல் போடுகிற கதை.

கழற்றிய கையோடு சைலன்சர் வாயில் இருக்கும் கம்பி வலையையும் பாருங்கள். கரி அடைத்த வலை ஒன்றே மெஷினை மூச்சுத் திணற வைக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தால் போகும்.

கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவைப் பார்க்கக் கேஜ் இருந்தால் ப்ளக் துளையில் மாட்டி, ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்திக்கொண்டு, முள் ஏறுவது நிற்கும்வரை இழுங்கள். 120 முதல் 150 பிஎஸ்ஐ என்றால் ஆரோக்கியம். 90-க்குக் கீழே என்றால் ஸ்டார்ட் ஆவதே சிரமம். கேஜ் இல்லையா? ப்ளக்கை மாட்டி, ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மெஷினைத் தரைக்கு ஒரு சாண் மேலே தொங்க விடுங்கள். விக்கி விக்கி மெதுவாக இறங்கினால் கம்ப்ரஷன் இருக்கிறது. கிணற்று வாளி மாதிரி சர்ரென்று இறங்கினால் இல்லை.

ஸ்பார்க் வருதா என்று எப்படிப் பார்ப்பது?

ப்ளக்கைக் கம்பியில் மாட்டி, அதன் உலோக உடம்பைச் சிலிண்டர் இறகோடு ஒட்டிப் பிடித்து இழுங்கள். பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, ப்ளக் துளைக்கு நேரேயும் பிடிக்கக் கூடாது. நிழலில் பார்த்தால் நீலப் பொறி தெரியும். தெரியவில்லை என்றால் முதலில் புதுப் ப்ளக், இடைவெளி 0.5 மில்லிமீட்டர் அளவில். அதற்கும் வரவில்லை என்றால் சுவிட்சிலிருந்து காயிலுக்குப் போகும் சின்னக் கம்பியைக் கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். இப்போது பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது, சுவிட்சோ அதன் கம்பியோதான் எங்கோ உடம்பில் தொடுகிறது. எலி கடித்த கம்பிகளை நான் இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னும் வராவிட்டால் மேக்னெட் சக்கரத்துக்கும் காயில் கால்களுக்கும் நடுவே துரு படிந்திருக்கிறதா பாருங்கள். உப்புத் தாளால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, நடுவில் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் காயிலை இழுத்துப் பிடித்தபடியே ஸ்க்ரூவை முறுக்குங்கள். கார்டை உருவினால் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அதுவும் பலிக்கவில்லை என்றால்தான் புதுக் காயில்.

அப்படி என்ன ஆகிவிடுகிறது பெட்ரோலுக்கு? டிவிஎஸ் 50-யில் மாதக்கணக்கில் கிடந்தும் ஓடியதே?

அந்தக் காலத்துப் பெட்ரோல் வேறு. இப்போது வருவதில் எத்தனால் கலந்திருக்கிறது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வரத் தொடங்கி, இன்று ஏறக்குறைய எல்லாப் பெட்ரோல் பங்கிலும் அதுதான். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். நீங்கள் ஊற்றிய 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கில் ஃபில்டர் கிடப்பதோ அடியில். ஆக, மெஷின் முதலில் உறிஞ்சுவது ஆயிலே இல்லாத தண்ணிக் கலவையை. நான் பெட்ரோலைப் பற்றி இவ்வளவு கறாராகப் பேசுவதற்குக் காரணம் இதுதான்.

எத்தனால் பழைய ரப்பர் டியூபையும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய ஏடான டயாஃப்ரத்தையும் கெடுக்கும். பழைய மெஷின்களின் கையேட்டில் பெரும்பாலும் 10 சதவீதம் வரைதான் அனுமதித்திருப்பார்கள். நம் பங்கில் வேறு பெட்ரோல் கிடைக்காதபோது செய்யக்கூடியது, கலந்ததை ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது, வேலை முடிந்த அன்றே டேங்கைக் காலி செய்வது.

பெட்ரோல்தான் வரவில்லை என்று எப்படி உறுதி செய்வது?

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, ஆயில் கலந்த பெட்ரோலை ஐந்தாறு சொட்டு கார்புரேட்டர் வாயில் விடுங்கள். வெறும் பெட்ரோல் விடாதீர்கள். ஃபில்டரை மாட்டிக்கொண்டு இழுங்கள். இரண்டு மூன்று நொடி ஓடி நின்றால் சந்தோஷப்படுங்கள். ஸ்பார்க்கும் கம்ப்ரஷனும் சரி, பெட்ரோல் வரும் வழி மட்டும்தான் அடைப்பு.

கார்புரேட்டரை நானே பிரிக்கலாமா?

பொறுமை இருந்தால் தாராளமாக. ஆனால் கார்புரேட்டருக்குப் போகும் முன் டேங்குக்குள் கம்பிக் கொக்கி விட்டு ஃபில்டரை வெளியே இழுங்கள். டியூபை விரலால் மடித்துப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, அப்பளம் மாதிரி முறிந்தாலோ மாற்ற வேண்டும். டியூபில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால்கூடப் பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். ஃபில்டரும் டியூபும் மலிவு. இரண்டையும் யோசிக்காமல் மாற்றுங்கள்.

இந்த மெஷின் கார்புரேட்டரில் வண்டியில் இருப்பது போல மிதவை கிடையாது. தலைகீழாகப் பிடித்தும் அறுக்க வேண்டுமே! அதற்காக இரண்டு மெல்லிய ஏடுகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்க ஏடு பம்பு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது எஞ்சினின் அடி அறையில் அழுத்தம் கூடிக் குறைகிறது, அந்தத் துடிப்பில் இந்த ஏடு படபடத்துப் பெட்ரோலை இழுக்கிறது. மறுபக்க ஏடு அளவு பார்க்கிறது. உள்ளே பெட்ரோல் குறைந்ததும் அது உள்வாங்கி, ஒரு குட்டி நெம்பை அழுத்தி, ஊசியைத் திறக்கிறது. வருஷக்கணக்கில் காய்ந்த ஏடு எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி விறைத்துப்போகும். அசைக்கும்போது சலசலவென்று சத்தம் வந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

பிரிக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் செல்போனில் படம் எடுங்கள். பரவலாக இருக்கும் வால்ப்ரோ, ஜாமா கார்புரேட்டர்களில் பம்புப் பக்கம் உடம்போடு முதலில் ஏடு, அதன் மேல் கேஸ்கட். அளவுப் பக்கம் முதலில் கேஸ்கட், அதன் மேல் ஏடு. இது மாறினால் எத்தனை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகாது. எச் (முழு வேகத்துக்கு), எல் (குறைந்த வேகத்துக்கு) என்று எழுதிய, பெட்ரோல் அளவை மாற்றும் ஸ்க்ரூக்களைக் கழற்றும் முன், உள்பக்கமாக மெல்ல முட்டும்வரை திருப்பி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். நெம்பை வளைக்காதீர்கள். நுண்துளைகளில் கம்பி, ஊசி விடாதீர்கள், துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் அளவு போச்சு. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, துளைக்குத் துளை மறுபக்கம் பீறிட்டு வருகிறதா பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை நேராக வைத்து அடித்தால் உள்ளே இருக்கும் சின்ன வால்வு கிழியும்.

உள்ளே ஒரு சல்லடைத் துணி இருக்கும், சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பலர் அதைப் பார்ப்பதே இல்லை. பாதி அடைப்பு அங்கேதான்.

ரிப்பேர் கிட் வாங்கட்டுமா, புது கார்புரேட்டரே வாங்கட்டுமா?

58 சிசி சீன மெஷின் என்றால் முழுக் கார்புரேட்டரே வாங்கிவிடலாம், கிட்டுக்கும் அதற்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை. ஸ்டில், ஹஸ்க்வர்னா போன்றவற்றில் வந்த அசல் கார்புரேட்டரைத் தூக்கி எறியாதீர்கள். அசலைக் கழுவி, கிட் போட்டு எடுத்தால் மலிவான நகலைவிட நன்றாக ஓடும்.

ஒரு லிட்டருக்கு எவ்வளவு ஆயில்? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களே?

மெஷின் கையேடு சொல்வதுதான் சரி. பல சீன மெஷின்களில் 25-க்கு 1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி. ஸ்டில் மெஷினுக்கு அதே நிறுவனத்தின் ஆயில் போட்டால் 50-க்கு 1, லிட்டருக்கு 20 மில்லி. மூடியில் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக் கடையில் சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊற்றுங்கள். டப்பாவில் ஜாசோ எஃப்டி என்ற தரக் குறி இருக்கிறதா பாருங்கள். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் சிலர் படகு எஞ்சின் ஆயிலை ஊற்றிக்கொண்டு வருகிறார்கள். அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்குச் செய்தது. காற்றில் மட்டும் குளிரும் இந்த எஞ்சினின் சூட்டைத் தாங்காது. கலவையைத் தனி கேனில் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள், டேங்குக்குள்ளேயே கலக்க வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது.

பெட்ரோல் போதவில்லை. டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். அப்போது நன்றாக ஓடினால் டேங்குக்குக் காற்று விடும் துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் எல் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளிப்பக்கம் திருப்புங்கள்.

அண்ணே, ஸ்டார்ட் ஆன உடனே தானா ரேஸ் ஆகுது, இறங்கவே மாட்டேங்குது.

உடனே அணையுங்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, எனக்கு அதுதான் கவலை. எங்கோ வெளிக்காற்று நுழைகிறது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், கிராங்க் தண்டில் காற்று புகாமல் தடுக்கும் சீல் காய்ந்திருக்கலாம். காற்று கூடினால் பெட்ரோல் விகிதம் குறையும், அதோடு சேர்ந்து வரும் ஆயிலும் குறையும். எஞ்சின் சத்தமாக, வேகமாக, சக்தி கூடியது போல ஓடிப் பத்து நிமிஷத்தில் பிஸ்டனைத் தின்றுவிடும். ஸ்க்ரூவைத் திருப்பி அதை அடக்கி ஓட்டாதீர்கள். ரப்பரையும் சீலையும் மாற்றிய பிறகு ஓட்டுங்கள்.

ட்யூனிங் எப்படி?

எச், எல் இரண்டையும் மெல்ல முட்டவிட்டு ஒரு சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். சில மெஷின்களில் எச் ஸ்க்ரூவே இருக்காது. எஞ்சின் சூடானதும் முதலில் எல், ஆக்சிலேட்டர் அழுத்தினால் திணறாமல் எழும்பும்வரை. பிறகு ஐடில் ஸ்க்ரூ, செயின் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடும்படி. கடைசியாக எச். முழு ஆக்சிலேட்டரில் மெஷின் சும்மா ஓடும்போது லேசான உடைசல் சத்தம் இருக்க வேண்டும், மரத்தில் இறங்கியதும் அது தெளிய வேண்டும். சும்மா ஓடும்போதே கீச்சென்று சுத்தமாகக் கத்தினால் பெட்ரோல் குறைவு, கொஞ்சம் வெளியே திருப்புங்கள்.

எஞ்சின் ஓடுது, செயின் சுற்றவில்லை.

முன் கைக்காப்பைப் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள். செயின் பிரேக் போட்டே இருக்கும், பத்தில் பாதி இதுதான். இல்லையென்றால் பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின், மூக்குச் சக்கரம் துருப்பிடித்திருக்கும். கிளட்ச்சைக் கழற்ற நேர்ந்தால் மறை எதிர்ப்பக்கம் என்பதை நினைவில் வையுங்கள், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

செயினுக்கு வேஸ்ட் ஆயில் ஊற்றலாமா?

எல்லோரும் ஊற்றுகிறார்கள். வேண்டாம். அதில் இருக்கும் இரும்புத் தூளும் கரியும் ஆயில் பம்பை அரிக்கும், உங்கள் கையிலும் முகத்திலும்தான் தெறிக்கும். பார் ஆயில் கிடைக்காவிட்டால் புது எஸ்ஏஇ 30 ஆயில் போதும். பாரைக் கழற்றி, பள்ளத்தையும் ஆயில் துளையையும் சுரண்டி, தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள், தேய்மானம் சமமாகும். பார் மூக்கை ஓர் அட்டைக்கு நேரே பிடித்து ஆக்சிலேட்டர் கொடுத்தால் அட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும்.

பழைய செயின் தேறுமா?

துருவை டீசலில் ஊறவைத்துப் பாருங்கள். கண்ணிகள் எல்லாம் மடங்கி நிமிர்ந்தால் தேறும். உருளை அரம் செயினுக்கு ஏற்ற அளவாக இருக்க வேண்டும்: சின்ன மெஷின்களின் 3/8 லோ ப்ரொஃபைல் செயினுக்கு 4 மில்லிமீட்டர், .325 செயினுக்கு 4.8 (3/8, .325 என்பவை அங்குலத்தில் செயின் கண்ணி அளவு). முப்பது டிகிரிச் சாய்வில், உள்ளிருந்து வெளியே மட்டும், எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் தேயுங்கள். பல்லுக்கு முன்னால் இருக்கும் மேடு பல்லைவிட 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்க வேண்டும். அதைத் தட்டை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யுங்கள்.

அந்தப் பல்லின் வளைந்த வடிவத்துக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. அமெரிக்காவின் ஒரிகானில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ், 1946-ல் ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் குடைந்து செல்வதைக் கவனித்து, அந்தத் தாடையைப் போலவே செயின் பல்லைச் செய்தார். இன்று உங்கள் கையில் இருப்பதும் அந்த வழியில் வந்ததே.

தென்னை அறுப்பவர்களுக்கு ஒன்று: அதன் வைரம் வெளி வட்டத்தில் இருக்கிறது, பட்டையில் மண் ஏறியிருக்கும். அறுக்கும் இடத்தை முதலில் அரிவாளால் சீவிவிட்டு மெஷினை வையுங்கள். செதில் செதிலாக வருவது நின்று மாவாகக் கொட்டினால் அரம் எடுக்கும் நேரம்.

ரிப்பேர் ஆனதும் எப்படி ஸ்டார்ட் செய்வது?

தரையில் வைத்து, பின் கைப்பிடிக்குள் வலது காலை நுழைத்து, முன் கைப்பிடியை இடக்கையால் அழுத்தி, செயின் பிரேக் போட்டு இழுங்கள். தொங்கவிட்டபடி இழுக்காதீர்கள். முழங்காலுக்கும் செயினுக்கும் நடுவே எதுவும் இல்லாமல் கைலியோடு நிற்கும் ஆட்களிடம் நான் மெஷினைத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஷூ, கண்ணாடி, காதுக்கு அடைப்பான் வேண்டும். ஓட்டிக்கொண்டே முன் காப்பைத் தள்ளிப் பாருங்கள், செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். நிற்காத மெஷின் எவ்வளவு அழகாக ஓடினாலும் மரத்துக்குப் போகக் கூடாது. பார் மூக்கின் மேல்முனை மரத்தில் பட்டால் மெஷின் முகத்துக்கு எகிறும், அப்போது காப்பாற்றுவது அந்தப் பிரேக் ஒன்றுதான்.

எப்போது கைவிடலாம்?

பிஸ்டனும் சிலிண்டரும் கீறி, கிராங்க் பேரிங்கும் ஆடினால், சீன மெஷினுக்குச் செலவு செய்யாதீர்கள். உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். நல்ல கம்பெனி மெஷினில் சிலிண்டர் செட் மட்டும் போயிருந்தால் மாற்றுங்கள், ஆனால் அது ஏன் கீறியது என்று கண்டுபிடித்த பிறகு. காற்று பிடிக்கும் சீலை விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அடுத்த சீசன் வரை எப்படி வைப்பது?

டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓட்டுங்கள். ப்ளக்கைக் கழற்றி ஐந்து சொட்டு 2டி ஆயில் விட்டு, இரண்டு முறை இழுத்து, மறுபடி மாட்டுங்கள். செயினை எண்ணெயில் போட்டு வையுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்து, அந்தத் துணியின் வால் வெளியே தெரியும்படி விடுங்கள். அடுத்த முறை இழுக்கும் முன் அதை எடுக்க வேண்டும்.